அப்பா மனப்பாடம் செய்த அட்டை

9-11-1998, திங்கள்

விடாமல் மழை. பள்ளி இல்லை. ஓடு ஒழுகுகிற மூன்று இடத்திலும் குண்டான் வைத்தோம். நிரம்பியதும் கொல்லையில் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலை. பதினோரு தடவை ஊற்றினேன்.

இது சமூக அறிவியல் ரஃப் நோட்டு. முன்பக்கம் பாடம். பின்பக்கத்திலிருந்து இது. அம்மா ரஃப் நோட்டைத் திறக்க மாட்டாள். திறந்தாலும் சட்டென்று புரியக் கூடாது. அதனால் இ.க. என்றால் இடது கண். வ.க. என்றால் வலது கண்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு இ.க. ஆபரேஷன். சென்னையில். அப்பா பஸ் டிரைவர். டிப்போவில் மூல ஆபரேஷன் என்று லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். யோசனை கோபால் மாமாவுடையது. அவர், அப்பா ஓட்டுகிற பஸ்ஸின் கண்டக்டர். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே வண்டி. இன்று நனைந்துகொண்டே வந்தார்.

"மூலம்னு சொன்னா எவனும் எங்க காட்டுன்னு கேக்கமாட்டான் அண்ணாத்த."

அப்பா சிரித்தார். நானும். அம்மா டீ டம்ளரை டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

போன மாதம் ஃபாரம் நிரப்புவதற்காக நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா என் ரஃப் நோட்டிலேயே படம் வரைந்து சொன்னார். கண்ணின் உள்சுவரில் ஒரு படலம். அதில் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. ரத்தம் போகாத இடம் பசியோடு கிடக்கிறது. அந்தப் பசிக்குப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன, முளைக்கக் கூடாத இடத்தில். சுவர் மெலிசு. தும்மினால்கூட உடையும். சின்ன வயது ஆண்களுக்குத்தான் அதிகம் வருமாம். அப்பாவுக்கு முப்பத்தெட்டு. சர்க்கரை இல்லை. குடி இல்லை.

இ.க.-இல் ஜூன் மாதமே உடைந்துவிட்டது. "மை பாட்டில் கவுந்த மாதிரி" என்றார் அப்பா. ரத்தம் வடியவே இல்லை. இப்போது படலத்தையும் பிடித்து இழுக்கிறதாம். அதனால் ஆபரேஷன்.

வ.க.-இலும் இரண்டு இடத்தில் மொட்டு விட்டிருக்கிறது. லேசர் வைத்துப் பசித்த இடத்தைச் சுட்டுவிட்டால் அது ரத்தம் கேட்காதாம், புதுக் குழாய் சுருங்கிவிடுமாம். ஆனால் ராத்திரிப் பார்வை கொஞ்சம் மங்கலாம். அப்பா உடனே, "அத்த அப்பால பாத்துக்கலாம் மேடம்" என்றார்.

வ.க. விஷயம் அம்மாவுக்குத் தெரியாது.

நான் செய்த ஒன்று இருக்கிறது. இன்று எழுத முடியவில்லை.

10-11, செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்தது. பள்ளி உண்டு. தமிழ் டெஸ்ட் 31/50. செருப்பு வார் அறுந்தது.

எழுதிவிடுகிறேன்.

ஜூலை மாதம் டிப்போவில் வருஷாந்திரக் கண் டெஸ்ட். அப்பா இ.க.-ஐ வைத்துக்கொண்டு தேறியிருக்கவே முடியாது. ஒற்றைக் கண்ணனுக்கு ஸ்டியரிங் கிடையாது. எங்கள் பள்ளியில் கண் முகாம் வந்தபோது தொங்கவிட்டார்களே, அதே அட்டைதான் டிப்போவிலும். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற கண்ணாடிக் கடையிலும் அதே அட்டை. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. நான் அதைக் காப்பி எடுத்து வந்து, நான்கு நாள் உட்கார்ந்து அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

மேல் வரிகள் சீக்கிரம் வந்துவிட்டன. கடைசி வரிதான் தகராறு. த ச ப க ம. அதற்கு ஸ்டாப் பெயர் வைத்தோம். திருக்கழுக்குன்றம், சட்ராஸ், புதுப்பட்டினம், கல்பாக்கம், மாபலிபுரம்.

"இன்னாம்மா ரூட்டு இது? புதுப்பட்டினம் வந்துட்டு மறுபடியும் கல்பாக்கத்துக்குத் திரும்பணுமா? எந்த டிரைவராவது இப்டி ஓட்டுவானா?"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்த நான்கு நாளும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

அப்பா தேறினார். "ஃபிட்" என்று முத்திரை. எனக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ்.

ஆகஸ்டில் திருக்கழுக்குன்றத்தில் இடது பக்கம் நின்ற வாழைப்பழத் தள்ளுவண்டியை பஸ் இடித்துக் கவிழ்த்தது. பழக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கோபால் மாமா, நான்தான் தப்பா விசில் கொடுத்தேன் என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அதிலிருந்து அவர் முன்படிக்கட்டிலேயே நிற்கிறார். இடது பக்கம் ஆள் இருந்தால் தகரத்தில் ஒரு தட்டு. ரொம்பக் கிட்டே என்றால் இரண்டு தட்டு. டிக்கெட் கொடுக்க உள்ளே போனால் பஸ் மெதுவாகப் போகும். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

பழக்காரர் டீ குடிக்கப் போகாமல் இருந்திருந்தால்?

12-11, வியாழன்

சென்னை. ஆஸ்பத்திரி நடைபாதையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறோம். அம்மா தூங்கிவிட்டாள். பக்கத்தில் ஒரு குடும்பம் ஸ்டவ் கொண்டு வந்திருக்கிறது. வாட்ச்மேன் திட்டிவிட்டுப் போனார்.

காலை 4.30 பஸ், அப்புறம் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில். அப்பாவைப் பதினொன்றரைக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். பச்சை அங்கி. தலையில் குல்லா. நெற்றியில் இ.க. பக்கமாக மையால் அம்புக்குறி. எந்தக் கண் என்று தப்பு வரக் கூடாது என்பதற்காகவாம். அது எனக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருவர் தப்பு வரக் கூடாது என்று நினைக்கிறார்.

இரண்டே கால் மணி நேரம்.

காத்திருந்தபோது கேட்டவை:
"எங்க மாமியாருக்கு ஒரு கண்ணு போயிருச்சு, ஆனா வாய் போகல."
"டோக்கன் எழுபத்தொண்ணு, டோக்கன் எழுபத்தொண்ணு, யாருங்க அது, தூங்கறீங்களா?"
"கடல் மீன் தின்னா கண்ணுக்கு நல்லதுன்னாங்க. நாங்க தினமும் அதத்தான் தின்றோம்."

கடைசியாக எழுதியிருப்பதைச் சொன்னது அம்மாதான். யாரிடமும் இல்லை, சுவரைப் பார்த்து.

டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். மூன்று ஊசித் துளை போட்டு, ரத்தத்தை எல்லாம் வெட்டி உறிஞ்சி எடுத்தாகிவிட்டது. இழுத்துக்கொண்டிருந்த குழாய்களைக் கத்தரித்தாகிவிட்டது. உள்ளேயே லேசரும் வைத்தாயிற்று. ஓரிடத்தில் படலம் கிழிந்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்க வாயு அடைத்திருக்கிறார்கள். வாயு மேல் நோக்கித்தான் போகும். அது பின்சுவரில் போய் அழுத்த வேண்டுமென்றால் அப்பா குப்புறவே இருக்க வேண்டும். மூன்று வாரம். சாப்பிடும்போதும் தலை குனிந்து.

அம்மா: "பார்வை வந்துடுமா மேடம்?"
டாக்டரம்மா: "முதல்ல படலம் ஒட்டட்டும்மா."

கண்ணை மட்டும் மரத்துப்போக வைக்கிற ஊசி என்பதால் அப்பாவுக்கு நினைவு இருந்ததாம். "புகை மாதிரி கறுப்பா சுத்திச்சு. அப்பால யாரோ வைப்பர் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

13-11, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். இ.க. தக்காளி மாதிரி. கை அசைவது மட்டும் தெரிகிறது. வாயு இருக்கிற வரைக்கும் அப்படித்தானாம்.

கொடுத்த காகிதத்தில் இருந்தது:
மல்லாந்து படுக்கக் கூடாது.
தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.
குனிந்து பளு தூக்கக் கூடாது.
விமானத்தில் பயணம் செய்யக் கூடாது.

கடைசியைப் படித்ததும் அப்பா குனிந்தபடியே, "பஸ்ஸே ஓட்ட வுடமாட்டான், இதுல ஏரோப்பிளேனா" என்றார். நர்ஸ் அக்கா சிரித்துவிட்டார்.

ரயிலில் அப்பா முழங்காலில் நெற்றி வைத்துக் குனிந்தே வந்தார். பல்லாவரத்தில் ஏறின ஒருவர் தன் கூட வந்தவரிடம், "காலங்காத்தாலயே ஊத்திக்கினு பொண்டாட்டி புள்ளயோட வர்றான் பாரு" என்றார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினு வராருய்யா. உன் வாயில இன்னா ஆபரேஷன் பண்றது?" அந்த ஆள் செங்கல்பட்டு வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது எங்கள் பையைத் தூக்கிக் கொடுத்தார்.

இந்தக் கண்ணோடு செங்கல்பட்டில் பஸ் ஏற முடியாது. எல்லாரும் தெரிந்த டிரைவர்கள். கோபால் மாமா, மீன் இறக்கிவிட்டுத் திரும்புகிற டெம்போ ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். அப்பா பின்னால் சாக்கில் குப்புறப் படுத்துக்கொண்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது என் பாவாடை, தலைமுடி எல்லாம் மீன் நாற்றம். குளித்தும் போகவில்லை.

ரொம்பத் தூக்கம் வருகிறது.

15-11, ஞாயிறு

வெயில். அம்மா மட்டும் சர்ச்சுக்குப் போனாள்.

குப்புறப் படுத்துப் படுத்து அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது. கோபால் மாமா வந்து நாடாக் கட்டிலைப் பார்த்தார். தலைமாட்டில் நாடாவைத் தளர்த்தி விலக்கினார். முகம் போகிற அளவு ஓட்டை. சுற்றிலும் பழைய துண்டைச் சுருட்டி வைத்துத் தைத்தோம். அப்பா முகத்தை அதில் வைத்துப் படுத்தார்.

"எப்டி கீது அண்ணாத்த?"
"தரையப் பாத்துக்கினு கீறேன். எறும்பு போவுது."
"எந்தப் பக்கம்?"
"செங்கல்பட்டுப் பக்கம்."

பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடு வந்து தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்றாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாள்.

17-11, செவ்வாய்

மறுபடியும் தூறல்.

பள்ளி விட்டு வந்ததும் இப்போது என் இடம் கட்டிலுக்கு அடியில். பாய் போட்டு மல்லாந்து படுத்துக்கொள்கிறேன். மேலே ஓட்டையில் அப்பாவின் முகம். ரத்தம் இறங்கிக் கன்னம் தொங்குகிறது, வேறு யாரோ மாதிரி. பேப்பரை நான் உயர்த்திப் பிடிக்க, வ.க.-ஆல் அப்பாவே படிக்கிறார். எனக்குக் கை கடுக்கிறது. இ.க.-இல் நடுவில் ஒரு பெரிய குமிழி தெரிகிறதாம், அதன் ஓரத்தில் என் முடி மட்டும்.

இவ்வளவு கிட்டத்தில் அப்பாவோடு பேசியதே இல்லை. டூட்டி முடிந்து வந்தால் சாப்பிட்டுத் தூங்குவார். இன்று சொன்னார், அவருடைய அப்பா கருங்குழியில் இன்னொருவர் நிலத்தில் ஏர் ஓட்டினாராம். பஸ் ஓட்டுகிற மகனைப் பார்க்க ஒரு முறை ரோட்டோரம் வந்து நின்றாராம். அப்பா நிறுத்தினார். அவர் ஏறவில்லை. வண்டியைச் சுற்றி வந்து முன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"அதுக்குத்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல."

அட்டையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

20-11, வெள்ளி

மாத்திரையால் அப்பாவுக்குப் பசி. ஒரு நாளைக்கு ஐந்து தடவை சாப்பிடுகிறார். நான் தட்டைக் கீழே பிடிக்கிறேன்.

இரண்டு நாளாக "நீயே படிச்சுக் காட்டு" என்கிறார். கை வலிக்குமே என்று எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்று தூக்கக் கலக்கத்தில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். எனக்கே பிறகுதான் தெரிந்தது. மேலே பார்த்தேன். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியே பிடித்துக்கொண்டு, "போட்டோ நல்லா இருக்குல்லப்பா?" என்றேன்.
"ம், நல்லா கீது."

அந்தப் பக்கத்தில் போட்டோவே இல்லை.

நான் பேப்பரை இறக்கினேன். தலையைத் திருப்பித் தரையைப் பார்த்தேன். எறும்பு கூட இல்லை.

பிறகு அப்பா: "சோத்துக் கை பக்கத்துக் கண்ணுல நூலு நூலா தொங்குது. புதன்கெழமலேர்ந்து. பனி மாதிரியும் கீது. அம்மாகிட்ட சொல்லாத."
"ஆஸ்பத்திரியில சொல்லலாம்ப்பா."
"இருபத்தாறாம் தேதி போறோம்ல. நான் பாத்துக்கறேன்."

அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று சாயந்திரம் புரிந்தது. கட்டிலில் முணுமுணுப்பு. ஜெபம் என்று நினைத்து அம்மா அடுப்பைத் தணித்தாள். நான் கிட்டே போய்க் கேட்டேன். திருக்கழுக்குன்றம், சட்ராஸ், புதுப்பட்டினம்.

22-11, ஞாயிறு

எதுவும் எழுதத் தோன்றவில்லை. பிள்ளைகள் வீடு வீடாக கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒட்டுகிறார்கள். எங்கள் வீட்டு ஸ்டாருக்கு மூங்கில் வாங்கவில்லை.

சொன்னால்: லேசர். ராத்திரிப் பார்வை மங்கும். ஆஸ்பத்திரி லெட்டர் டிப்போவுக்குப் போகும். அப்பா இனி டிரைவர் இல்லை. நான்தான் காரணம்.

சொல்லாவிட்டால்: வ.க.-உம் மை பாட்டில். அல்லது அதற்குள் அப்பா பஸ் எடுத்துவிடுவார். டிசம்பர் 10 டூட்டிக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு கண்ணில் குமிழி, ஒரு கண்ணில் நூல், படிக்கட்டில் கோபால் மாமா. நான்தான் காரணம்.

இரண்டு பக்கமும் ஒரே வரியில் முடிகிறது.

அம்மாவிடம் சொல்லலாம் என்று சமையல்கட்டு வரைக்கும் போனேன். கல்பாக்கம் டவுன்ஷிப் பாலர் பள்ளியில் வாரம் முழுக்க ஆயா வேலை. ஞாயிற்றுக்கிழமையும் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

26-11, வியாழன்

அம்மாவுக்கு இனி லீவு இல்லை. அப்பாவும் நானும் மட்டும்.

ரயிலில் கூட்டம் இல்லை. அப்பா குனிந்தபடி, "ஒரு தபா சொல்லிக் காட்டறேன். தப்பா இருந்தா சொல்லு" என்றார். சொன்னார். மேலிருந்து கீழே ஏழு வரி. கடைசி வரியில் தடங்கலே இல்லை.

"சரியா கீதா?"
"சரியா இருக்குப்பா."

சரியாகத்தான் இருந்தது.

பார்வை டெஸ்ட் ரூமில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அக்கா. எங்கள் அட்டையேதான், கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு. முதலில் இ.க. அப்பாவால் விரலை மட்டும் எண்ண முடிந்தது. மேலே கொஞ்சம் தெளிவாகவும் கீழே தண்ணீர் தளும்புகிற மாதிரியும் தெரிகிறது என்றார். வாயு கரைகிறது, நல்லதுதான் என்றார் அக்கா.

அடுத்து வ.க. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரைவர் சீட்டில் உட்காருவது போல. ஒவ்வொரு வரியாக. அவசரப்படாமல், நடுவில் ஒரு இடத்தில் கண்ணைச் சுருக்கிக்கூடப் பார்த்தார், உண்மையாகப் பார்ப்பவர் மாதிரி. த. ச. ப. க. ம.

"சூப்பர். ஆறுக்கு ஆறு" என்று அக்கா எழுதினார். "ரெண்டு கண்ணுக்கும் மருந்து விடலாமா? இந்தக் கண்ணுக்கும் லேசர் சொல்லியிருக்காங்களே."

"வேணாம்மா. ரெண்டுத்துலயும் ஊத்துனா வூட்டுக்கு எப்டி போறது? சின்னப் பொண்ணு கூட வந்துகீது. அடுத்த தபா வரும்போது வெச்சுக்கலாம். அதான் நல்லா தெரியுதே."

அக்கா யோசித்தார். என்னைப் பார்த்தார். சரி என்று இ.க.-க்கு மட்டும் சொட்டு மருந்து பாட்டிலைத் திறந்தார்.

நான் எழுந்து அக்கா பக்கத்தில் போனேன்.

"அக்கா, வேற அட்டை இருந்தா வைங்க."

"எதுக்கு?"

"இது எங்க அப்பாவுக்கு மனப்பாடம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மருந்து பாட்டிலை மூடினார். மேசைக்குள்ளிருந்து இன்னொரு அட்டை எடுத்தார், எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வைப்பது. இங்கிலீஷ் ஈ எழுத்து மட்டும், மேலே கீழே வலம் இடம் என்று திருப்பித் திருப்பிப் போட்டிருக்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். அப்பா கையைத் தூக்கினார். முதல் எழுத்துக்குச் சரியாகக் காட்டினார். இரண்டாவது வரி சரி. மூன்றாவதில் கை பாதி தூரம் போய் நின்றது. ரோட்டில் யாருக்கோ கை காட்டி வழி விடுவது போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தொடையில் வந்து விழுந்தது.

இரண்டு கண்ணுக்கும் மருந்து விட்டார்கள்.

டாக்டரம்மா நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வ.க.-இல் புதுக்குழாய் ஒன்று உடைந்து கசிகிறது. "இன்னும் பத்து நாள் போயிருந்தா ரத்தம் மறைச்சிருக்கும். லேசர் வைக்க இடமே தெரிஞ்சிருக்காது." அப்பாவிடம் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இன்றே லேசர். இருட்டு அறை. பச்சை வெளிச்சம் பட் பட்டென்று. நூற்றுக்கணக்கில். வெளியே கதவிடுக்கில் எண்ணிக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன்.

திரும்பும்போது அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் ஒன்றும் தெரியவில்லை. என் தோளில் கை வைத்து நடந்தார். படி, படி, இப்போ சமதரை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ரயிலில் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் மட்டும், "செங்கல்பட்டு வந்துட்டுச்சா?" என்றார்.

27-11, வெள்ளி

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அப்பாவே சொன்னார், ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, தரையிடம் சொல்வது போல. அட்டை, பழவண்டி, படிக்கட்டில் தட்டு, எல்லாம்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அந்த பஸ்லதான்டி நானும் போய்கினு வந்துகினு இருந்தேன். அந்தப் பாலர் பள்ளிக் கொழந்தைங்களும் அதுலதான்டி வருது."

அப்பா என்னோடு பேசவில்லை. பேப்பர் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பாய் அப்படியே கிடக்கிறது. நான் போய்ப் படுக்கவில்லை.

30-11, திங்கள்

வெயில். பயாலஜி நோட்டு முடிக்கவில்லை, வெளியே நிற்க வைத்தார்கள். நிற்பது சிரமமாகவே இல்லை. தூங்கியிருப்பேன்.

கோபால் மாமா வந்தார். வாசலிலேயே என்னைப் பார்த்து, "இன்னா வேல பண்ணிகீற நீ! ஒம்போது வருசம் நானும் அவரும்..." என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அப்பா, "கோபாலு, அத்த ஒண்ணும் சொல்லாத" என்றார். அவ்வளவுதான். கோபால் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அப்பா தலையணைக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரி லெட்டரை எடுத்துக் கொடுத்தார். டிப்போவில் கொடுக்கச் சொன்னார். மெடிக்கல் போர்டு கூப்பிடுவார்கள். லைட் டூட்டி கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கோபால் மாமா லெட்டரைச் சட்டைப் பையில் வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தார்.

"புது டிரைவரு ஒருத்தன் வந்துகீறான் அண்ணாத்த. நான் பழக்கத்துல தகரத்தத் தட்டிட்டேன். 'யோவ், இன்னாத்துக்குத் தட்டற'ன்றான்."

அப்பா சிரிப்பது கட்டில் அதிர்ந்ததில் தெரிந்தது. சிரிப்புத்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. அவர் முகம் கட்டிலுக்கு அடியில்தானே இருந்தது.

3-12, வியாழன்

இன்று முதல் நிமிர்ந்து உட்காரலாம். ராத்திரி மட்டும் பக்கவாட்டில் படுக்க வேண்டும். அம்மா கட்டில் நாடாவை மறுபடியும் இழுத்துக் கட்டினாள். ஓட்டை இருந்த இடம் மட்டும் கொஞ்சம் தளர்ந்தே இருக்கிறது.

அப்பா என்னோடு பேசினார். "சோறு போடு." ஒரு வார்த்தையா, இரண்டா?

இ.க.-இல் தண்ணீர் மட்டம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதாம். அம்மாவிடம் சொன்னார், என் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்க.

6-12, ஞாயிறு

லேசான மழை. சர்ச்சிலிருந்து வந்ததும் அரையாண்டுக்கு ஜியாமெட்ரி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா நாற்காலியில். டிப்போவிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

"எஸ்தரு, காலண்டர் தாள் கீதா?"

பழைய மாதத் தாள்களின் பின்பக்கத்தில் எழுத்து எழுதச் சொன்னார். மேலே பெரிசு, கீழே போகப் போகச் சிறிசு. வீட்டிலேயே தினமும் கண்ணைப் பார்த்துக்கொள்ளப் போகிறாராம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஸ்கெட்ச் பேனாவில் ஆறு வரி எழுதினேன். கை பழக்கத்தில் கடைசி வரியை த என்று வாய்விட்டுச் சொல்லித் தொடங்கிவிட்டேன்.

"அது வேணாம். கலைச்சுப் போடு. எனக்குத் தெரியாத மாதிரி எழுது."

வேறு தாள் எடுத்து மறுபடியும் எழுதினேன். எழுதும்போது அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வாசல் கதவில் ஒட்டினேன். பத்தடி அளந்து நாற்காலியை நகர்த்தினேன். இ.க.-ஐத் தானே உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

முதல் வரி சொன்னார். இரண்டாவது. மூன்றாவது மெதுவாக. நான்காவது வரிக்கு வந்ததும் நின்றார். நான் விரலை எழுத்துக்குக் கீழே வைத்தேன். காத்திருந்தேன். உள்ளே அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"தெர்லம்மா" என்றார் அப்பா.